ஒரே ஷாஃப்ட்டுக்கு ஐந்து விலை

போன சீசனில் நெகமம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து விடிகாலை ஐந்தரைக்கு போன். "ஏனுங் தம்பி, உங்க மெஷின் அழுவுதுங்." தேங்காய் மட்டை உரிக்கும் மெஷின், பொள்ளாச்சிக்கு வெளியே என் ஷெட்டில் செய்து கொடுத்தது. போய்ப் பிரித்துப் பார்த்தால் ரோலரைத் தாங்கிச் சுழலும் தண்டு, அதாவது ஷாஃப்ட்டின் மேலேயே பேரிங்கின் உள்வளையம் வழுக்கிச் சுற்றியிருக்கிறது. உட்காரும் இடம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. தூள் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதடு உரசிய இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். அந்தப் பள்ளம் வழியாக மட்டைத் தூள் உள்ளே போய், கிரீஸோடு கலந்து புட்டு மாவு பதத்தில் இருந்தது.

பேரிங் உட்காரும் இடத்தின் விட்டத்தை அளந்தால் 39.96 மி.மீ. இருக்க வேண்டியது 40-க்கு மேல். தேய்ந்ததுதான் என்று முதலில் நினைத்தேன். அதே லாட்டில் மாட்டாமல் கிடந்த ஷாஃப்ட் ஒன்றை எடுத்து அளந்தேன், 39.98. முதல் நாளே குறைவாகத்தான் வந்திருக்கிறது, நான்தான் அளக்காமல் வாங்கிப் போட்டிருக்கிறேன். அந்த லாட்டைக் கடைந்த பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். அவரிடம் நான் 'நாப்பது' என்று வாயால் சொன்னதோடு சரி.

அடுத்த சீசனுக்கு இருபது மெஷின். ஒன்றுக்கு இரண்டு ரோலர், ஆக நாற்பது ஷாஃப்ட். இந்த முறை படம் வரைந்து, ஐந்து இடத்தில் விலை கேட்டு, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

படம் இதுதான்: மொத்த நீளம் 420 மி.மீ. நடுவில் 260-க்கு 48 விட்டம், ரோலர் உட்காரும் இடம். இரு பக்கமும் 6208 என்ற எண்ணுள்ள பேரிங்குக்கு 40 விட்டம். ஒரு பக்கம் மட்டும் அதைத் தாண்டி ஆயில் சீலுக்கு 38, கியருக்கு 35, அதில் கியரைப் பூட்டும் சாவிக்கட்டைக்கு 10 மி.மீ. பள்ளம், அதாவது கீவே. பொருள் ஈ.என்.8 எனும் நடுத்தரக் கார்பன் எஃகு.

ஐந்து பேரில் கோயமுத்தூர்க்காரர் மூவர். கணபதியில் கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. லேத் பட்டறை ஒன்று, ஆவாரம்பாளையத்தில் பழைய சென்டர் லேத் வைத்திருக்கும் பெரியவர், சுந்தராபுரத்தில் கொஞ்சம் பெரிய யூனிட். நான்காவது பொள்ளாச்சியிலேயே நம் தெரு லேத். ஐந்தாவது வெளி மாநில ஆன்லைன் கம்பெனி. படத்தை ஏற்றினால் விலை சொல்லி, செய்து வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

வந்த விலைகள், ஒரு ஷாஃப்ட்டுக்கு: கணபதி 980. ஆவாரம்பாளையம் 540. சுந்தராபுரம் 1,420. பொள்ளாச்சி 760. ஆன்லைன் 2,350.

இதை எக்செல்லில் போட்டு, சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி, 540-க்குப் பச்சை வண்ணம் எல்லாம் அடித்து வைத்திருந்தேன். கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளும் என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, ஒரே சாமானுக்கா இத்தன வெல? எல்லாருக்கும் ஒரே படத்தத்தான அனுப்புனீங்க?"

அனுப்பினேனா என்று போனைத் திறந்து பார்த்தேன். இல்லை. கணபதிக்கும் ஆன்லைனுக்கும் போனது திருத்திய பி.டி.எஃப். சுந்தராபுரத்துக்கும் அதேதான், கூடவே மெயிலில் 'சீல் இடம் ஹார்டன் செய்யவும்', அதாவது சூடாக்கிக் கடினப்படுத்தவும் என்று ஒரு வரி. அந்த வரி படத்தில் இல்லை, அதனால் மற்ற யாருக்கும் தெரியாது. பொள்ளாச்சிக்கும் ஆவாரம்பாளையத்துக்கும் போனது, அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற டாலரன்ஸே போடாத கைப்படத்தை வாட்ஸ்அப்பில் எடுத்த போட்டோ. ஒருவர் என் மனதில் இருந்த ஷாஃப்ட்டுக்கு விலை சொல்லியிருக்கிறார், மற்றவர்கள் தங்கள் மனதில் இருந்ததற்கு. பச்சை வண்ணத்தை அழித்தேன்.

படத்தைத் திரும்ப வரைந்தேன். 40 என்று மட்டும் எழுதாமல் 40 கே6. அதாவது 40.002-லிருந்து 40.018 வரைக்கும்தான் ஏற்றுக்கொள்வேன். சுற்றுவது ஷாஃப்ட், அதனால் உள்வளையம் இறுக்கமாக உட்கார வேண்டும். போன முறை 39.98 வந்ததே, அது பேரிங்குக்குள் கையாலேயே நுழைந்திருக்கும். மாட்டும்போது பையன் 'சுலபமா ஏறுதுங்ணா' என்று சந்தோஷமாகச் சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சீல் இடத்தை மட்டும் மின்சுருளால் சூடாக்கி உடனே குளிரவைக்கும் இன்டக்‌ஷன் ஹார்டனிங் செய்து, கடினத்தின் அளவு குறைந்தது 45 எச்.ஆர்.சி. அப்புறம் இரண்டு பேரிங் இடம், ஒரு சீல் இடம் என்று மூன்று இடமும் கல்லில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் கிரைண்டிங். எல்லாவற்றையும் படத்திலேயே எழுதி, கீழே தேதியும் திருத்த எண்ணும் போட்டு, அந்த ஒரே தாளை ஐந்து பேருக்கும் அனுப்பினேன்.

புதிய விலை வருவதற்குள் நானே ஒரு விலை போட்டுப் பார்த்தேன். எடைக்கு நம் ஊர்க் கணக்கு இருக்கிறதே, விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ. 48 விட்டம் வர 50 ராடு வேண்டும். 2,500-ஐ 162-ஆல் வகுக்க 15.43, அதில் 0.42 மீட்டர் என்றால் 6.48 கிலோ. உக்கடம் பக்கத்து இரும்புக் கடையில் எனக்குச் சொன்ன விலை கிலோ 80. ஆக 518 ரூபாய், அறுப்புக் கூலி 12. கடைசல் இரண்டு பக்கமும் சேர்த்து 25 நிமிடம், சி.என்.சி. மணிக்கு 450 என்றால் 188. மெஷினைத் தயார் செய்யும் செட்டிங் இரண்டு மணி நேரத்தை நாற்பதில் பகிர்ந்தால் 22. கீவே 60, ஹார்டனிங் 90, கிரைண்டிங் மூன்று இடத்துக்கு 150. கூட்டினால் 1,040. லாபம், கழிவு எல்லாம் சேர்த்து 15 சதவீதம் போட்டால் 1,200-க்குப் பக்கம்.

இந்தக் கணக்கு துல்லியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைப் போட்ட பிறகு விலைகள் பேச ஆரம்பித்தன. பொருளே 518 ஆகும்போது 540-க்கு யார் ஷாஃப்ட் தர முடியும்?

அதைக் கேட்கத்தான் பஸ் ஏறினேன்.

ஆவாரம்பாளையத்துப் பெரியவரின் பட்டறை வீட்டின் முன்பக்கம். வாசலில் கோலம், அடுத்த அடியில் இரும்புச் சுருள். கோவையில் இப்படி வீட்டோடு ஒட்டிய லேத்துகள் தெருத்தெருவாக இருக்கின்றன. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகி, மில்லுக்கு உதிரி பாகம், அப்புறம் மோட்டார் பம்ப் என்று வளர்ந்த ஊர். பம்ப் ஷாஃப்ட் கடைந்து பழகிய கைகளுக்கு என் ஷாஃப்ட் பெரிய விஷயமில்லை. பெரியவர் படத்தைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை பார்த்தார்.

"540 கூலிங் தம்பி. இரும்பு உங்குளுது."

"கீவே?"

"அதுவும் சேத்தித்தானுங். கிரைண்டிங் வெளியதான் போகோணும். சுருள் எனக்கு."

சுருள் என்றால் சும்மா இல்லை. ஒரு ஷாஃப்ட்டுக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் சீவிப் போகும். நாற்பதுக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் பழைய இரும்பு. அதை விட்டுக்கொடுத்தேன். அவருடைய 540-க்கு மேல் இரும்பும் அறுப்பும் 530, ஹார்டனிங் 90, கிரைண்டிங் 150. மொத்தம் 1,310. பச்சை வண்ணம் அடித்த அதே 540-தான் இது. தவிர இரும்புக் கடை, லேத், ஹார்டனிங், கிரைண்டிங் என்று நான்கு இடத்துக்கும் நானே சுமந்து அலைய வேண்டும். என் இரும்பை அனுப்பினால் டெலிவரி சலான் போட வேண்டும், ஒரு வருஷத்துக்குள் சரக்கு திரும்ப வேண்டும் என்ற ஜி.எஸ்.டி. கணக்கும் உண்டு. இத்தனைக்கும் கைவேலை என்றால் அவரைத்தான் சொல்வேன். ஒன்றிரண்டு ஷாஃப்ட் அவசரமாக வேண்டுமென்றால் இன்றைக்கும் அவரிடம்தான் ஓடுவேன்.

வரியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரியவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லை. கூலி வேலை வருஷத்துக்கு இருபது லட்சத்தைத் தாண்டாவிட்டால் தேவையுமில்லை. மற்றவர்கள் 18 சதவீதம் போடுவார்கள். நான் பதிவு செய்தவன், கட்டிய வரி எனக்குக் கணக்கில் திரும்பி வரும், அதனால் வரிக்கு முந்தைய விலையைத்தான் ஒப்பிட்டேன். பதிவில்லாமல் தோட்டத்துக்கு ஒன்று செய்து வாங்குகிறவர் வரியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயிரத்துக்கு 180 ஏமாந்து போகும்.

பொள்ளாச்சி லேத்தின் 760 உடனே புரிந்தது. அவர் எம்.எஸ். எனும் சாதா இரும்பு ராடு போட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறார், கிலோ 58. எம்.எஸ்.ஸில் கார்பன் குறைவு, இன்டக்‌ஷனில் வைத்தாலும் கடினம் ஏறாது. கிரைண்டிங்குக்கு என்ன செய்வீர்கள் என்றேன். "லேத்துலயே எமரி போட்டு சைஸ் பண்ணிக் குடுத்தர்றனுங்" என்றார். மறைக்கவில்லை, பாவம். எமரி என்கிற உப்புத்தாள் பளபளப்பு தரும், ஆனால் வட்டம் தராது. ஒரு பக்கம் 40.01 காட்டும், கால் சுற்று திருப்பினால் 39.99 காட்டும். ஈ.என்.8, ஹார்டனிங், கிரைண்டிங் எல்லாம் சேர்த்தால் அவர் விலை 1,142. கிரைண்டிங்குக்காக, கடைந்த பிறகும் இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும் சரக்கை நாற்பது கிலோமீட்டர் ஏற்றி இறக்கும் வண்டிச் செலவைப் பகிர்ந்தால் இன்னும் 90. ஆக 1,232.

கணபதியின் 980-தான் என்னைக் குழப்பியது. திரும்ப வரைந்த படத்துக்கும் அதே 980, ஹார்டனிங் மட்டும் தனி என்றார். கிரைண்டிங் கூலியும் அந்த விலைக்குள் சேர்ந்தது, பொருளும் ஈ.என்.8 தான். என் கணக்குக்கு இது உதைக்கிறது. எதையோ விட்டுவிட்டார் என்று கிட்டத்தட்ட ஒதுக்கிவிட்டேன். நேரில் போனதற்குப் பலன் அங்கேதான் கிடைத்தது.

"நடுவுல 48 போட்டிருக்கறீங்களே, 45 பிரைட் பார்ல பண்ணிக்கலாமுங்களா? நடுவுல கடையவே வேண்டாமுங், அப்படியே விட்றலாம்."

கெட்டிக்காரர். மில்லிலிருந்தே அளவாக, வழவழப்பாக வரும் பிரைட் பார் கிலோ விலை அதிகம்தான், ஆனால் எடை குறைகிறது, 260 மி.மீ. நீளக் கடைசல் முழுக்க மிச்சம். விலை குறைந்தது வேலையைக் குறைத்ததால், தரத்தைக் குறைத்ததால் இல்லை. சரி என்று தலையாட்ட வாயைத் திறந்தவன், ஒரு நிமிடம் என்று போனில் பேரிங் கேட்டலாக்கைத் தேடினேன். 6208 முட்டி நிற்கும் தோளுக்கு, அதாவது விட்டம் மாறும் படிக்கு, குறைந்தது 47 வேண்டும் என்று போட்டிருக்கிறது. பேரிங்கின் உள்வளைய ஓரம் வளைந்து சரிந்திருக்கும், அந்தச் சரிவைத் தாண்டித்தான் தோள் தாங்க வேண்டும். 45 என்றால் கொஞ்சம்தான் மாட்டும். மட்டையை இழுக்கும்போது ரோலர் பக்கவாட்டில் தள்ளினால், அந்தக் கொஞ்சமும் போய்விடும்.

கேட்டலாக்கைக் காட்டினேன். "ஆமாங், இது நாம் பாக்கல" என்றார். 48-க்கே திரும்ப விலை போட்டார். 1,060, ஹார்டனிங்கோடு 1,150.

சுந்தராபுரத்தின் 1,420-க்குப் பின்னால் நிஜமாகவே சரக்கு இருந்தது. இரும்புக்கு மில் சான்றிதழ், எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரோடு. ஒவ்வொரு ஷாஃப்ட்டின் அளவும் எழுதிய தாள். தனித்தனியாக வலைக்குழாய் போட்டு எண்ணெய் தடவிய பேக்கிங். அந்தப் பேக்கிங்கை நான் கேட்டதே இல்லை. பொள்ளாச்சியில் மறுநாளே மாட்டப்போகிறவனுக்கு அது தேவையுமில்லை. ஆனால் அளவுத் தாள் வேண்டும். போன முறை அது இல்லாமல்தானே விடிகாலை போன் வந்தது.

ஆன்லைன்காரரின் 2,350-ஐ நான் அதிகம் தோண்டவில்லை. வண்டி வாடகை, சோதனை, அவர்கள் கமிஷன் எல்லாம் உள்ளே. அவர்களும் எங்கோ ஒரு பட்டறையில் கொடுத்துத்தான் வாங்குவார்கள். அந்த 'எங்கோ' கணபதியாகவே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். லேத்தே இல்லாத ஊரில் இருக்கிறவருக்கு அது நியாயமான விலையாக இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் உக்கடத்தில் இறங்கக்கூடியவனுக்கு இல்லை.

ஆக, 540-க்கும் 2,350-க்கும் நடுவே இருந்த பெரும் பள்ளம், ஒரே சாமானுக்கு என்று ஆனதும் உள்ளூர்க்காரர் நால்வருக்குள் 1,150-லிருந்து 1,420 வரை என்று சுருங்கியது. இதற்கு மேல் காகிதத்தில் பார்க்க எதுவுமில்லை. கணபதியிலும் சுந்தராபுரத்திலும் இரண்டிரண்டு மாதிரி, காசு கொடுத்தே வாங்கினேன்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஷெட்டில் உட்கார்ந்து அளந்தேன். மைக்ரோமீட்டரை 25 மி.மீ. ஸ்டாண்டர்டில் சரிபார்த்து, ஷாஃப்ட்டை வேஸ்ட் துணியால் எண்ணெய் போகத் துடைத்து, ஒவ்வொரு இடத்திலும் கால் கால் சுற்றாகத் திருப்பி நான்கு அளவு. சுந்தராபுரத்து ஷாஃப்ட்: 40.011, 40.012, 40.011, 40.012. அடுத்த முனையும் அப்படியே. குறை சொல்ல இடமில்லை. கணபதியின் முதல் ஷாஃப்ட்டில் ஒரு முனை 40.014. மறுமுனை 40.021, 40.018-ஐத் தாண்டிவிட்டது. வி வடிவப் பள்ளமுள்ள வி-பிளாக்கில் வைத்து, மேலே டயல் கேஜின் முள்ளை நிறுத்திச் சுற்றினால் முள் 0.04 மி.மீ. அலைகிறது.

வாங்கிய இடத்துக்கே எடுத்துப் போனேன். சண்டைக்கு இல்லை, எங்கே தப்பு என்று பார்க்க. அவர் ஷாஃப்ட்டின் முனையைத் திருப்பி அதன் நடுவில் இருக்கும் சென்டர் துளையை லைட் அடித்துப் பார்த்தார். உள்ளே கருப்பாகக் காய்ந்த பொருக்கு. கிரைண்டிங் மெஷினில் ஷாஃப்ட் நிற்பதே அந்த இரண்டு துளைகளில்தான். துளையில் பொருக்கு இருந்தால் ஷாஃப்ட் அதன் மேல் ஏறி ஏறி இறங்கும், கிரைண்டிங் கல் அந்த ஆட்டத்தை அப்படியே விட்டத்தில் எழுதிவிடும். ஹார்டனிங் முடிந்து வந்ததும் சென்டரைச் சுத்தம் செய்துதான் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். கிரைண்டிங் வெளியே வேறு இடம், யாரும் கவனிக்கவில்லை. "இது எங்க தப்புத்தானுங்" என்று அவர் சொன்னதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, புதிதாக இரண்டு செய்து, மூன்றாம் நாள் கொடுத்தார். 40.013, 40.012. முள் 0.01-க்குள் நின்றது.

ஆர்டரை அவருக்கே கொடுத்தேன், இரண்டு நிபந்தனையோடு. சென்டர் சுத்தம் செய்வது படத்திலேயே ஒரு வரியாக ஏறியது. ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் எண் குத்தி, அளவுத் தாள் தர வேண்டும். தாளின் கட்டங்களை சுந்தராபுரத்துத் தாளைப் பார்த்துத்தான் போட்டேன். அவர்களிடம் கற்றுக்கொண்டு வேறொருவருக்கு வேலை கொடுப்பதில் கொஞ்சம் உறுத்தல்தான். கியர் பெட்டி ஷாஃப்ட் பத்தை அவர்களுக்குக் கொடுத்து மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அதற்கு அந்தத் தரம் தேவையாகவும் இருந்தது.

பணம் பேசும்போதுதான் கணபதிக்காரர் இன்னும் 20 ரூபாய் குறைத்தார், நான் கேட்காமலே. 40 சதவீதம் முன்பணம், மிச்சம் அளந்து பார்த்து எடுத்த அன்றே என்று சொல்லியிருந்தேன். "பெரிய கம்பெனிக்காரங்க தொண்ணூறு நாள் ஆக்குவாங்கோ. அந்த வட்டியும் வெலைக்குள்ளதானுங் வெச்சிருப்போம்." 2006-ஆம் வருஷத்து சிறு தொழில் சட்டப்படி ஒப்பந்தமே போட்டாலும் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். சட்டம் இருக்கிறது, கேட்டால் அடுத்த ஆர்டர் இருக்காது என்று சிரித்தார். என் எக்செல்லில் அந்த வட்டிக்கு ஒரு கட்டம் இருக்கவில்லை.

பன்னிரண்டு நாள் என்றது பதினாறு நாளானது. நடுவில் இரண்டு நாள் கரண்ட் பிரச்சினை, இரண்டு நாள் ஹார்டனிங் இடத்தில் வரிசை. கோடைக்கு முன் பம்ப்செட் ஆர்டர் குவியும் நேரம், நம் நாற்பது ஷாஃப்ட்டை யார் முதலில் எடுப்பார்கள். வந்ததில் முப்பத்தேழு சரி. இரண்டு 40.022, 40.024 என்று பெருத்திருந்தன, திரும்பக் கிரைண்டிங் போய் வந்தன. ஒன்றில் கீவே நடுவிலிருந்து ஒரு மி.மீ. விலகிப் போயிருந்தது. அதற்குப் பதில் வேறு கொடுத்துவிட்டார். பேரிங்கைச் சூடாக்கி மாட்டும்போது பையன் சொன்னான், "டைட்டா ஏறுதுங்ணா." இந்த முறை சந்தோஷம் எனக்கு.

முந்தாநாள் பேரிங் ஹவுசிங் படத்தை, ஒரே தாளாக, இரண்டு இடத்துக்கும் அனுப்பினேன். சுந்தராபுரத்திலிருந்து மாலைக்குள் விலை வந்துவிட்டது. கணபதியிலிருந்து விலை இன்னும் வரவில்லை, ஒரு வாய்ஸ் மெசேஜ்தான் வந்திருக்கிறது: "ஏனுங், தோள் எத்தன வேணும்னு இந்தத் தடவ நானே கேட்டலாக்கு பாத்துட்டனுங். நீங்க போட்டதுல அர மி.மீ. இடிக்குதுங், ஒருக்கா பாருங்."

பார்த்தேன். இடிக்கிறது.